எவ்வளவு குடிக்கும்

ஆ ஹூய் கடையில் திரிக்குப் பெயர் இல்லை.
"நிப்பிஸ், தெபால்" என்றாள்,
மெல்லிசு, மொத்தம்.
நடுவில் ஒன்று இருக்குமே என்றேன்.
நடுவில்தான் எல்லாம் இருக்கிறது என்று
டப்பாவைக் கவிழ்த்தாள்.

ஜூலை கடைசியில் புக்கிட் மெர்த்தாஜாமில்
அன்னம்மாள் திருவிழா.
விரலளவு கண்ணாடிக் குவளையில் இருநூறு மெழுகுவர்த்தி
தருகிறேன் என்று வாய்விட்டுவிட்டேன்.
மெழுகு வந்தாயிற்று. குவளை வந்தாயிற்று.
திரிதான்.

பாயான் லெப்பாஸில் இருபத்திரண்டு வருடம்
சில்லுகளைப் பூதக்கண்ணாடியில் பார்த்தவள் நான்.
ஒன்று எரிந்தால் எல்லாம் எரியும் என்று நம்பமாட்டேன்.
வகைக்கு மூன்று. அடியில் ஸ்டிக்கர்.
பழைய டைரியில் நேரம்.
சோதனை மெழுகுக்கு வேண்டுதல் கிடையாது.
இது என் விதி.

காற்றாடி ஓடக்கூடாது,
சுடர் சாய்ந்தால் கணக்கு தப்பு.
ஜெலுத்தோங், பதினாலாவது மாடி,
ஜன்னலெல்லாம் சாத்தி
கொதிகலனுக்குள் உட்கார்ந்த மாதிரி நானும்
சோபாவில் பிலவேந்திரனும்.
செவ்வாய், வியாழன், சனி அவருக்கு மெஷின்.
மற்ற நாள் எனக்கு மெழுகு.
அவருக்கு நாளைக்கு முக்கால் லிட்டர்.
கஞ்சியும் அதில்தான், மாத்திரைத் தண்ணீரும் அதில்தான்.
நீலப் போத்தலில் கோடு போட்டு வைத்திருக்கிறேன்.
சாயங்காலம் நாலுக்குள் கோடு தீர்ந்துவிடும்.
அப்புறம் ஒரு ஐஸ்கட்டி,
வாயில் அடக்கிக்கொண்டு, பேசாமல்.

முதல் திரி ரொம்ப மெல்லிசு.
நடுவில் குழி பறித்து அதற்குள் இறங்கியது.
சுற்றிலும் மெழுகு சுவராக நிற்க
தான் உருக்கியதிலேயே தான் மூழ்கியது.
நாற்பது நிமிடம்.
எழுதினேன்: குடிக்கத் தெரியவில்லை.

மூன்றாவது மொத்தம்.
மடக்மடக்கென்று குடித்தது,
தலையில் காளான் பூத்தது,
குவளையின் வாய் கருத்தது,
கண்ணாடி 'டிக்' என்று ஒரே ஒரு சொல் சொன்னது.
எழுதினேன்: அளவில்லை.

"யாரைத் திட்டி எழுதுறே?"
"திரியை."
"நான் என்னவோன்னு நினைச்சேன்."
சிரித்தபோது உதட்டில் வெடிப்பு தெரிந்தது.

போன வாரம் மெஷின் முடிந்து வரும் வழியில்
வேனை நிறுத்தச் சொல்லி
ஒரு முழுக் கிண்ணம் செண்டோல்.
சட்டைப் பையின் மேல் பச்சையாக ஒட்டியிருந்த
அரை அங்குலப் புழு காட்டிக்கொடுத்தது.
நான் கேட்கவில்லை.
மறுநாள் கணுக்கால் வீங்கியபோதும் கேட்கவில்லை.
எடை நோட்டில் எழுதினேன்: இரண்டு கூடுதல்.

ஐந்தாவதற்குள் துத்தநாகக் கம்பி.
வகுப்புத் தலைவன் மாதிரி விறைத்து நின்றது,
வெளிச்சம்தான் இல்லை.
ஆறாவதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

ஏழாவது சாதாப் பருத்திப் பின்னல்.
நுனியைக் கால் அங்குலத்துக்கு நறுக்கி ஏற்றினேன்.
ஒரு மணி நேரத்தில் மெழுகு முழுக்க இளகி
குவளை ஓரத்தைத் தொட்டது, பொங்கவில்லை.
சுடர் பல்லிக்குஞ்சின் வாலளவு.
தேவைக்குக் குடித்தது.
நிறுத்தி நிறுத்திக் குடித்ததோ என்னவோ,
எனக்குத் தெரியவில்லை, சுடர் ஆடவில்லை.
இரண்டு மணி நேரம். மூன்று.

"நாலு மணி நேரம் தாங்குமா?" என்றார்.
"ஏன் நாலு?"
இடது கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார்.
ஊசி ஏறும் இடத்தில் பிளாஸ்திரி.
"சும்மாதான்."

மூன்றே முக்காலுக்குத் தூங்கிப்போனார்.
கழுத்து மடிப்பில் வேர்வை.
விளக்கைப் போடாமலே அவர் முகம் தெரிந்தது,
டைரியில் என் எழுத்தும்.

நாலே கால்.
ஏழு என்ற எண்ணைச் சுற்றி வட்டமிட்டேன்.
இப்போது ஊதி அணைக்கவேண்டும்,
அணைத்த பிறகு எவ்வளவு நேரம் புகைகிறது
என்பதற்கும் ஒரு கட்டம் இருக்கிறது.
மற்ற ஆறுக்கும் நிரப்பியிருக்கிறேன்.

அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டு
பனையோலை விசிறியைத் தேடினேன்.
அவருக்கு மட்டும் படுகிற மாதிரி,
சுடருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து
மெதுவாக.

நாளைக்கு ஆ ஹூயிடம் இருபது மீட்டர் கேட்கவேண்டும்.